பிள்ளை பிடிக்கிறவன்

இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பிய ஓர் இரவு, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து பேத்தியின் அலறல் கேட்டது. ஐந்து வயதுக் குழந்தை. தாயின் இரண்டாம் பேற்றுக்காக நம் கள்ளக்குறிச்சி இல்லத்துக்கு வந்திருந்தாள். பகலெல்லாம் முற்றத்தில் கோழிக்குஞ்சுகளை விரட்டித் திரிபவள், விளக்கை அணைத்த மாத்திரத்தில் வேறொரு குழந்தையாகிவிட்டாள். நன்னியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சன்னலோரத்து மூலையைக் கையால் மட்டும் சுட்டினாள். "அங்கே நிற்கிறான், சாக்கு வைத்திருக்கிறான்" என்றாள்.

மூலையில் இருந்தவை ஆணியில் மாட்டிய நம் ஜுப்பாவும் அதன்மேல் தொங்கிய குடையுமே. விளக்கைப் போட்டுக் காட்டினோம். வெளிச்சத்தில் அவளும் ஒப்புக்கொண்டாள். அணைத்ததும் அவன் மீண்டும் வந்துவிட்டான்.

இரண்டாம் இரவு அதட்டிப் பார்த்தோம். அழுகை ஓசையின்றி நடந்தது. அதட்டலால் விளைந்த பயன் அவ்வளவே. மூன்றாம் இரவு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உறங்கப் போகும்போது செய்ததைப் போல, திருக்குர்ஆனின் இறுதி மூன்று அத்தியாயங்களையும் ஓதி, உள்ளங்கைகளில் ஊதி, அவள் மேனியில் தடவினோம். சற்று நேரம் அமைதியாகக் கிடந்தாள். பிறகு இருளிலிருந்து ஒரு கேள்வி வந்தது:

"நன்னா, ஜின் உண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் இவன் மட்டும் எப்படி இல்லாமல் போவான்?"

அரபும் தமிழும் ஓதிக் கொடுத்தே முப்பதாண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை வரவில்லை. மறைவானவற்றில் நம்பிக்கையே இல்லாத ஒருவர், அப்படி எதுவுமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி இல்லை. ஜின்களும் இறைவனின் படைப்புகளே என்று வேதம் கூறுகிறது. இல்லையென்று சொன்னால் குழந்தையைத் தேற்றுவதற்காக வேதத்தை மறைத்தவர்களாவோம். உண்டு என்று சொல்லி நிறுத்தினாலோ, கதவைப் பாதி திறந்துவைத்து, இருளில் ஒரு பிஞ்சு நெஞ்சைத் தனியே விட்டவர்களாவோம். இரண்டுக்கும் நடுவே நாம் விழித்துக்கொண்டிருக்க, அவள் அழுதழுது களைத்து உறங்கிப்போனாள்.

மறுநாட் காலை, சுபுஹுத் தொழுதுவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நம் இல்லாள் மெல்லச் சொன்னாள்: "அந்தச் சாக்குக்காரனை வீட்டுக்குள் அழைத்து வந்தவரே நீங்கள்தாமே."

நினைவு வந்தது. பத்து நாட்களுக்கு முன் ஒரு நண்பகல். குழந்தை சோறு உண்ண மறுத்தாள். தெருவில் பழைய இரும்பு, பழைய காகிதம் வாங்குபவர் மிதிவண்டியின் பின்னே பெரிய சாக்கைக் கட்டிக்கொண்டு கூவிச் சென்றார். "அதோ பார், பிள்ளை பிடிக்கிறவன். சாப்பிடாத பிள்ளைகளைத்தான் அந்தச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறான்" என்றோம். அவள் ஐந்து நிமிடத்தில் உண்டு முடித்தாள். நாமும் நம் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டோம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் பத்து இரவுகளாக விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். அவள் இங்கே வந்த நாள்முதல் தாயின் பக்கத்தில் படுப்பதில்லை. தாய்க்கு மாதம் நிறைந்திருந்தது. தன் இடம் போய்விட்டது என்று உள்ளூர அஞ்சியிருந்த குழந்தைக்கு, தன்னையே தூக்கிக்கொண்டு போக ஒருவன் காத்திருக்கிறான் என்ற செய்தியை நாம் கொடுத்திருக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கென வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மாணவர்களுக்கு அதைப் பாடம் சொல்லியிருக்கிறோம். இறை என்பது அரசன் முதலான மேலோரைக் குறிக்கும். தந்தையும் ஆசிரியனும் அதில் அடங்குவர் என்று விளக்கமும் தந்திருக்கிறோம். ஆனால் அந்த நான்காம் அச்சத்துக்குரியவன், தன் கைக்கு எளிதாக இருக்குமென்று முதலாம் அச்சத்தையும் மூன்றாம் அச்சத்தையும் கடன்வாங்கிக் குழந்தையின்மேல் ஏவுவான் என்பதை அன்று சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் நமக்கு இருந்ததில்லை. அதற்கொரு பழைய காரணம் உண்டு.

நாம் மக்தபில் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய புதிது. பாடத்தை மனனம் செய்யாமல் வரும் சிறுவன் ஒருவன் இருந்தான். அடிப்பது நமக்குப் பிடிக்காது. அந்த அளவில் நம்மை நல்லாசிரியன் என்றே எண்ணியிருந்தோம். அடிக்குப் பதிலாக ஒரு கதை சொன்னோம். பின்புறத்துப் பாழுங்கிணற்றில் ஒரு ஜின் குடியிருக்கிறது என்றும், ஓதியதை மறக்கும் பிள்ளைகளின் பெயர் அதற்குத் தெரியும் என்றும். பையன் பாடத்தை மனனம் செய்துவிட்டான். ஒரு மாதம் கழித்து அவன் தாய் வந்து, பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கிறான், தூக்கத்தில் எழுந்து அழுகிறான், ஓதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நாம் ஒரு குவளை நீரில் ஓதிக் கொடுத்தோம். நாமே உண்டாக்கிய நோய்க்கு நாமே மருந்து கொடுத்தோம். அந்தத் தாயின் நன்றியையும் பெற்றுக்கொண்டோம். ஒரு சொல்லைக்கூட வெளியிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனாஸாவில் அவனைக் கண்டோம். நாற்பதைக் கடந்த மனிதர். லாரி வைத்துத் தொழில் செய்கிறார். "ஹஜ்ரத், இன்றும் இரவில் அந்தக் கிணற்றுப் பக்கம் போவதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கிணறு தூர்க்கப்பட்டு அதன்மேல் கடைகள் எழும்பிப் பல காலம் ஆகிறது. அவருக்குள் அது தூரவில்லை. நாமும் சிரித்துவைத்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வெட்கப்படுகிறோம்.

குழந்தையிடம் சொல்லும் பொய் பொய்யே என்பதை நாம் அறியாதவர்களல்லோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது, அவருடைய தாய், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அவரை அழைத்தார். அங்கே அமர்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்), எதைத் தருவதாக இருந்தீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். அப்படி எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் அறிவித்ததை அபூதாவூத் பதிவு செய்கிறார். இனிப்பைக் காட்டிச் சொல்லும் பொய்க்கே இக்கணக்கு என்றால், சாக்கைக் காட்டிச் சொல்லும் பொய்க்கு எக்கணக்கு? விளையாட்டாகக்கூட ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்ற நபிமொழியும் அதே நூலில் உண்டு. வளர்ந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நாமாகக் கருதிக்கொண்டோம் போலும்.

14ஆம் நூற்றாண்டில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கடுமையால் பயிற்றுவிக்கப்படும் பிள்ளைகளிடம் ஊக்கம் குன்றிச் சோம்பலும் பொய்யும் வஞ்சமும் வளரும் என்று எடுத்துக்காட்டுகிறார். 1920ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் வாட்சனும் அவருடைய துணைவரும் ஒரு வயதுகூட நிறையாத குழந்தையிடம் ஒரு சோதனை செய்தார்கள். குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புத் துண்டைச் சுத்தியால் அறைந்தார்கள். சில தடவைகளிலேயே, ஓசை இல்லாதபோதும் எலியைக் கண்டு குழந்தை அழத் தொடங்கியது. அச்சத்தைக் கற்பிப்பது அத்தனை எளிது. நமக்குச் சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை.

அன்று மாலையே பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு சொன்னோம்: "அம்மா, பிள்ளை பிடிக்கிறவன் என்று நன்னா சொன்னது பொய். நீ சோறு உண்ண வேண்டுமென்பதற்காகச் சொன்ன பொய். ஜின் என்பது அல்லாஹ்வின் படைப்பு. ஆட்டுக்குட்டியைப் போல, மழையைப் போல, அவன் சொன்னபடி கேட்கும். உன்னையும் அவன்தான் காக்கிறான். சாக்குக்காரன் அப்படிப்பட்டவனல்லன். அவனை உண்டாக்கியவர் நன்னா. அதனால் அவனை இல்லாமலாக்கவும் நன்னாவால் முடியும்."

அவள் வெகுநேரம் நம் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவர்களும் பொய் சொல்வார்களா?" என்றாள். "சொல்லக்கூடாது, நன்னா சொல்லிவிட்டேன்" என்றோம். ஒரு குழந்தையின் முன் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு துணிவு வேண்டுமென்று அதுவரை நாம் அறிந்ததில்லை. அவள் அடுத்துக் கேட்டது அதைவிடக் கூர்மையானது: "அப்படியானால் அந்தச் சாக்கில் என்ன இருக்கிறது?"

மூன்று நாள் கழித்து அவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். அவள் கை நம் விரல்களை நெரித்தது. நிகழ்ந்ததைச் சொல்லி, சாக்கைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் மிதிவண்டியை நிறுத்தி, சாக்கின் வாயை அவிழ்த்துத் திண்ணையோரம் சாய்த்தார். பழைய பள்ளி நோட்டுகள், நசுங்கிய தண்ணீர்ப் புட்டிகள், கைப்பிடி இல்லாத வாணலி, ஒரு விசிறியின் இறக்கை. பேத்தி முதலில் நம் பின்னாலிருந்தும், பிறகு பக்கத்தில் நின்றும், கடைசியில் குனிந்தும் பார்த்தாள்.

மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னோம். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டே, "பரவாயில்லை ஹஜ்ரத். எல்லாத் தெருவிலும் என்னைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறார்கள். என் வீட்டிலும் இவள் வயதில் ஒரு பெண் இருக்கிறாள்" என்றார். குரலில் சினம் இல்லை. பழகிப்போன களைப்பே இருந்தது. அந்தக் களைப்பு நம்மை உறுத்தியது.

வீட்டுக்குள் சொல்லப்படும் இந்தக் கதை வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதன்று. 2018ஆம் ஆண்டு மே மாதம், நமக்கு அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு, கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசிகளில் பரவிய வதந்தியே காரணம் என்றார்கள். வதந்தி அன்று பரவியிருக்கலாம். அது விழுந்து முளைத்த நிலம் எப்போதோ பண்படுத்தப்பட்டது. சோற்றுக் கிண்ணத்தோடு திண்ணையில் அமர்ந்து, போகிற வருகிற ஏழையைக் காட்டிக் காட்டி நம்மைப் போன்றோர் பண்படுத்திய நிலம் அது.

சாக்குக்காரன் அன்றோடு ஒழிந்தான். ஆயினும் அச்சம் ஒழியவில்லை. பெயருள்ள ஒருவன் போனபின் பெயரில்லாத ஏதோ ஒன்று மூலையில் மிஞ்சி நின்றது. டிசம்பர் மாதம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, வீடு முழுதும் அந்தப் பச்சிளங்குழந்தையைச் சுற்றிச் சுழன்றது. அவ்வேளையில், கல்வராயன் மலையில் ஆசிரியராயிருக்கும் நம் பழைய மாணவர் தம் இல்லத்துக்கு அழைத்தார். பேத்தியை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மலையேறும் பாதை அது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன் மலையும் தனி வட்டமாயிற்று. வெள்ளிமலை அதன் தலையிடம். அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்பவர்கள். சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளியும் நிறைந்திருக்கிறது.

இரவு உணவுக்குப்பின் மின்சாரம் போயிற்று. மலையில் இருள் என்பது நகரத்து இருளைப் போன்றதன்று. கையை நீட்டினால் கை தெரியாது. பேத்தி நம் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனால் பக்கத்து வீட்டு மலைச்சிறுமி, ஏழு வயதிருக்கும், திண்ணையில் கால்களை ஆட்டியபடி அமர்ந்திருந்தாள். சரிவிலிருந்து, கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. நம்மவள் உடல் நடுங்கிற்று. "அது பக்கி" என்றாள் சிறுமி. பிறகு ஒரு கீச்சலான அலறல். "அது கூகை. எலி தேடுது." தொலைவில் நாய்கள் குரைத்தன. "அது மேலூர் நாய். ஆள் வந்தா ஒரு மாதிரி குரைக்கும். கரடி வந்தா வேற மாதிரி குரைக்கும். இது ஆள்."

அவளுக்கு அச்சமே இல்லை என்பதன்று. பலா பழுக்கும் காலத்தில் கரடி வரும் வழியில் அவள் போகமாட்டாள். அதைத் தெளிவாகவே சொன்னாள். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவளுக்கு ஒருவர் பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நற்றிணையின் 83ஆம் பாட்டில், ஊர் முகப்பு மரத்தில் வாழும் கூகையிடம், அச்சமுறக் குரல் எழுப்பாதே என்று தோழி இரந்து நிற்கிறாள். தின்னத் தருவதாகவும் ஆசை காட்டுகிறாள். அவளும் ஓசையின் பெயர் அறிந்தவள்; அதனாலன்றோ அதனோடு பேச முடிந்தது! ஆதம் நபிக்கு இறைவன் முதன்முதலாகக் கற்பித்தவை பெயர்களே என்ற வேதச் செய்தியைப் பலமுறை ஓதியிருக்கிறோம். அவ்விரவில் அதன் பொருள் வேறோர் ஆழத்தில் விளங்கியது.

பேத்திக்கு ஒரு வரலாறு சொன்னோம். மதீனாவில் ஓரிரவு பேரோசை கேட்டு மக்கள் கலங்கினர். துணிந்த சிலர் ஓசை வந்த திக்கை நோக்கிப் புறப்பட்டனர். எதிரே நபிகள் நாயகம் (ஸல்) சேணமில்லாக் குதிரையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முந்திச் சென்று பார்த்துவிட்டு வந்து, அஞ்சாதீர்கள் என்றார்கள். "பார்க்கப் போகுமுன்பே அஞ்சாதே என்று சொல்லவில்லையா?" என்று கேட்டாள் பேத்தி. அந்தக் கேள்வியில் நம் பிழை முழுவதும் அடங்கியிருந்தது. இரவுதோறும் படுத்த இடத்திலிருந்தே, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாம்.

வானம் தெளிந்திருந்தது. வடக்கே உயரத்தில் ஒரு விண்மீனைக் காட்டினோம். அரபியர் அதற்கு ரஃஸுல் கூல், அதாவது பூதத்தின் தலை என்று பெயரிட்டனர். அல்கூல் என்ற பெயரால் உலகம் இன்றும் அதை அழைக்கிறது. பாலைவனத்தில் உருமாறி வழிமறிக்கும் என்று பண்டை அரபியர் அஞ்சிய பூதமே கூல். அப்படி ஒன்று இல்லை என்ற நபிமொழியை முஸ்லிம் பதிவு செய்கிறார். அதன் இருப்பையே மறுப்பதாகச் சிலரும், வழிகெடுக்கும் ஆற்றலை மட்டும் மறுப்பதாகச் சிலரும் உரை கண்டனர். எவ்வுரையைக் கொண்டாலும் அஞ்சுவதற்கு இடமில்லை. இந்த விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை கண் சிமிட்டுவது போல மங்கி மீளும். 1783ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், காது கேளாத ஜான் குட்ரிக் என்ற 18 வயது இளைஞர், இரவுதோறும் அதை நோக்கியிருந்து கணக்கிட்டு, வேறொரு பொருள் குறுக்கே சுற்றிவந்து மறைப்பதால் இருக்கலாம் என்று எழுதினார். 1889இல் அது மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு விண்மீன் மற்றொன்றை மறைக்கிறது, அவ்வளவே.

இவ்வளவையும் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லவில்லை. "அந்தப் பூதத்தின் கண் விளக்குதான், இன்னொரு விளக்கு குறுக்கே போகும்போது சிமிட்டும்" என்று மட்டும் சொன்னோம். சிமிட்டுவதைப் பார்த்தே தீருவேன் என்று திண்ணையில் விழித்திருந்தாள். இருளுக்கு அஞ்சி விழித்திருந்தவள், முதன்முறையாக இருளில் ஒன்றைக் காண்பதற்காக விழித்திருந்தாள். அரைநாழிகையில் உறங்கிவிட்டாள்.

மலையிறங்கியபின் நாம் செய்தவை மிகச் சிறியவை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பும் உணவை உண்ணும் வேளையில் முயற்கூண்டைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சம் தீர்த்தார். நாமும் அவ்வாறே படிப்படியாகச் சென்றோம். முதலில் விளக்கை அணைக்காமல், அவளும் நாமும் எழுந்து மூலைவரை நடந்துபோய்த் தொட்டுப் பார்த்தோம். பிறகு சிறுவிளக்கு. பிறகு கூடத்து வெளிச்சம் மட்டும். ஒவ்வோர் ஓசைக்கும் பெயர் சொன்னோம்: பல்லி, தண்ணீர்த் தொட்டி, கரும்பு ஏற்றிய வண்டி. உறங்குமுன் அரைமணி நேரம் தாயின் பக்கத்தில் அவளுக்கென ஓர் இடம் ஒதுக்கினோம். இந்த ஒன்று மற்றவை எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது என்பது நம் இல்லாளின் தீர்ப்பு. குழந்தை பயந்தபோது நகைக்கவுமில்லை, கடியவுமில்லை. சூனியக்காரர்களின் கயிறுகள் பாம்பாய் ஊர்வதுபோல் தோன்றியபோது மூஸா நபியே உள்ளத்தில் அஞ்சினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அஞ்சாதீர் என்று தேற்றினான். மாயத்தோற்றத்துக்கு ஒரு நபியே அஞ்சியிருக்க, குடைக்கும் ஜுப்பாவுக்கும் ஒரு குழந்தை அஞ்சுவதில் இழிவென்ன?

ஆயினும் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டோம். சில இரவுகளில் இன்னும் விழித்துக்கொள்கிறாள். ஆனால் இப்போது அலறுவதில்லை. "நன்னா, ஜுப்பாதானே?" என்று கேட்கிறாள். "எழுந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து, தொட்டுப் பார்த்து, "ஜுப்பாதான்" என்கிறோம். பார்க்காமல் சொல்வதில்லை. பழைய காகிதம் வாங்குபவர் வரும் நாளில், எழுதித் தீர்ந்த தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவர் மகளின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறாள்.

ஒருநாள் அவளே கேட்டாள்: "நன்னா, உங்களுக்கு ஒன்றுக்கும் பயம் இல்லையா?" உண்டு என்றோம். எது என்று கேட்டாள். ஒரு கிணறு என்றோம்.

சென்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப்பின் அந்த லாரி முதலாளியின் வீட்டுக்குப் போனோம். பழைய கதையைச் சொல்லி, அது நாம் கட்டிய பொய் என்றோம். அவருடைய மறைந்த தாயிடமும் சொல்லாமல் போனோம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "இதை அன்றே சொல்லியிருக்கலாம் ஹஜ்ரத்" என்றார். பிறகு நம்மை வீடுவரை கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி உடன் நடந்தார். பொழுது சாய்ந்திருந்தது. கிணறு இருந்த கடைத்தெருவின் முனையில் அவர் கால்கள் ஒரு கணம் தயங்கின. நாம் முன்னே நடந்தோம். அவர் பின்னே வந்தார்.

பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் தோண்டிய கிணறுகளை, நம் ஆயுளுக்குள்ளேயே தூர்த்து முடிக்க இறைவன் நமக்கு அவகாசம் தருவானாக.